குறைந்துகொண்டே வந்த கிளை

கோபிநாத் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினான். ஒரு டம்ளர் காபி குடித்து, அந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். ஏழேகாலுக்குக் கூடத்து மேசையருகே போய், இரும்பு ஸ்கேலை எடுத்துக் கிளையை அளந்தான். நாற்பத்தொன்று. போன வாரம் நாற்பத்திரண்டரை சென்டிமீட்டர்.

வெட்டிய கிளை வளராது. குறையவும் குறையாது.

ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அளவு சரிபார்க்கிற வேலை அவனுக்கு. கண்ணை நம்பினால் சரக்கு திரும்பி வந்துவிடும் என்று பழகியவன். மறுபடி அளந்தான். நாற்பத்தொன்றுதான்.

மனைவி சரிதா போய் ஆறாவது வாரம். காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள், ஒரு வியாழக்கிழமை, அவள் வைத்த பூ அலங்காரம் அது. இகேபானா என்கிற ஜப்பான் முறை. கடற்கரைப் பக்கம் ஒரு அம்மாள் வீட்டில் நாலு நாள் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டது. அகலமான பீங்கான் தட்டில் தண்ணீர். அதற்குள் ஊசி ஊசியாய் நட்ட ஈய முள்தட்டு. அதில் குத்தி நிறுத்திய மூன்று தண்டுகள். உயரமானது வானம், நடுவிலிருப்பது மனிதன், தாழ்ந்தது பூமி என்பாள். நடுவில் வைத்த செம்பருத்தியும் கீழே வைத்த சாமந்தியும் அவளுக்குப் பதினாறாம் நாள் வருவதற்குள் அழுகி உதிர்ந்தன. குரோட்டன்ஸ் கிளை மட்டும் பச்சையாகவே நின்றது. அவன் அதில் கை வைக்கவில்லை. யாரையும் வைக்க விடவுமில்லை.

மாடியிலிருக்கும் வீட்டுக்கார அம்மா தையல்நாயகிமேல்தான் முதலில் சந்தேகம். அவரிடம் வேறொரு சாவி இருக்கலாம். மாடிப்படியிலேயே மடக்கிக் கேட்டுவிட்டான்.

"ஏந்தம்பி, குச்சிய நறுக்கறதுதான் எனக்கு வேலையா? பூன்னா தலையில வைப்பாங்க, சாமிக்கு வைப்பாங்க. முள்ளுல குத்தி வைக்கிற கூத்த உம் பொண்டாட்டிகிட்டதான் பாத்தேன். நானா இருந்தா அன்னிக்கே தட்டோட குப்பையில கொட்டியிருப்பேன்."

"அப்ப யாரு உள்ள வர்றது?"

"வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கதவு சத்தம் கேக்குது. நீதான் சாப்பிட வர்றேன்னு நெனச்சேன்."

"எத்தன வாரமா?"

அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அந்தப் பொண்ணு இருக்கும்போதேதான்."

அன்று கம்பெனியில் மூன்று பெட்டி நல்ல சரக்கை அளவு சரியில்லையென்று தள்ளிவிட்டான். அவள் இருந்தவரை வியாழக்கிழமை சாயங்காலங்களில் தொட்டியருகே இரண்டு டம்ளர்கள் கவிழ்ந்திருக்கும். அப்போது அவன் கேட்டதில்லை. அவளுடைய சாவி ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் இல்லை. அதையும் அவன் தேடவில்லை. இப்போது அலமாரியைக் குடைந்தான், புடவை மடிப்புகளை உதறினான், அவள் செல்போனில் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததும் சந்தேகமாகவே இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. காய்ச்சல் முற்றிய திங்கட்கிழமை காலை, "சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போனான். அவள் பத்து மணிக்குத் தனியாக ஆட்டோவில் கிளம்பினாள். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை என்று ஆட்டோக்காரர் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது நினைவில்லை. அப்புறம் நினைவு திரும்பவேயில்லை. அவள் அம்மா ஞாயிறுதோறும் போன் செய்து, "எம் பொண்ணு கடைசியா என்னப்பா சொல்லிச்சு" என்று கேட்பார். "உங்களத்தான் கேட்டா" என்பான். பொய். யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் சொன்ன பொய். சாவி வைத்திருக்கிற ஆளுக்குத் தெரிந்திருக்குமோ?

அடுத்த வியாழக்கிழமை வழக்கம்போல் வண்டியை எடுத்தான். காந்தி வீதி ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, நடந்தே திரும்பி வந்து, உள்ளே பூட்டிக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தான்.

பதினொன்று ஐந்துக்குச் சாவி திரும்பியது. செருப்பு கழற்றும் சத்தம். அலுமினிய பேசினில் தண்ணீர் விழுந்தது. பிறகு தண்ணீருக்குள் கத்தரிக்கோல் மங்கலாய் ஒரு முறை கடித்தது.

வெளியே வந்தான். முப்பது வயதுப் பெண். புர்காவின் முகத்துணியை மேலே தூக்கிவிட்டிருந்தாள். கைகள் மணிக்கட்டு வரை தண்ணீருக்குள்.

"அண்ணே, இன்னிக்கு வேலைக்குப் போவலியா?" என்றாள்.

"நீங்க யாரு?"

"கனீஸ் பாத்திமா. ஆட்டோ ஸ்டாண்டு எதிர்ல தையல் கடை வீடு. சரிதாக்காகூட வகுப்புக்குப் போனவ."

"அவ சொல்லவேயில்லையே."

"சொன்னாங்களாம். நீங்க பேப்பர்லேர்ந்து தலையத் தூக்கலியாம். எங்க வீட்டுல பதினோரு பேரு. பூவு வச்சா புள்ளைங்க பிச்சுப் போட்டுடும். அதான் வியாழக்கிழமையில இங்க வந்து ரெண்டு பேருமா வைப்போம். டீ குடிப்போம்."

அவன் பேசினைப் பார்த்தான். அடியில் ஒரு சின்னத் துண்டு கிடந்தது.

"ஏன் வெட்டறீங்க?"

"அடி அழுகிடுமில்ல. தண்ணிக்குள்ள வச்சு வெட்டினாதான் காத்து ஏறாம தண்ணி குடிக்கும். வாரம் ஒருதரம் வெட்டினா இன்னும் கொஞ்ச நாள் நிக்கும்."

"சாவி?"

"அன்னிக்கு ஆட்டோ ஏறும்போது எங்கையில குடுத்தாங்க. சாவுக்கு வந்தப்பவே உங்ககிட்ட நீட்டினேன். நீங்க என்னத் தாண்டிப் பாத்துக்கிட்டிருந்தீங்க." ஈரக்கையைத் துடைத்துச் சாவியை மேசையில் வைத்தாள். "தப்புதாண்ணே. கேக்காம வந்திருக்கக் கூடாது."

அவன் சாவியை எடுக்கவில்லை.

"ஆட்டோ ஏறும்போது," என்றான். "ஏதாவது சொன்னாளா?"

பாத்திமா கிளையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

"சொன்னாங்க. எனக்குத்தான் மனசு வரல."

"என்ன சொன்னா?"

"வியாழக்கிழமை வச்சது சரியா வரல பாத்திமா, பிடுங்கிப் போட்டுடு."