கிளாக்கரின் தம்பி

காமன் கூத்தில் ரதியாக அழுவதற்கு எங்கள் தோட்டத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டுகிற இந்த மூக்கையா, மாசி பிறந்தால் மீசையை மழித்துச் சேலை கட்டிவிடுவான். மன்மதன் எரிந்தபின் நான் வைக்கிற ஒப்பாரிக்குப் பலாங்கொடை வரையில் பேர் உண்டு. தற்பெருமை என்று நினைப்பவர்கள் வந்து ஒரு தரம் அழுது பார்க்கட்டும்.

ஆனால் இந்தக் கதை தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் எங்கள் பெரிய கிளாக்கர் செல்வரத்தினத்தைப் பற்றியது. யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் வேலைக்குப் பேர் போடுகிற பிரட்டுக் களத்தில் எங்கள் பக்கம் வரும்போது கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொள்வார். துரை வந்தால் அதே லேஞ்சியால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்.

அவருடைய மனைவி கனகாம்பிகை அம்மாவுக்கு மண்டலின் வாசிக்கத் தெரியும். ஊரில் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் இருந்தபோது கற்றுக்கொண்டாராம். துரைசாணி தேநீர் குடிக்க வருகிற நாளில் கிளாக்கர் அவரை விறாந்தையில் உட்காரவைத்து வெள்ளைக்காரப் பாட்டு வாசிக்கச் சொல்வார். துரைசாணி தலையை ஆட்டிவிட்டால் போதும், ஒரு வாரத்துக்குக் கிளாக்கரின் கால் தரையில் படாது. துரைசாணி போனதும் மண்டலின் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

கிளாக்கர் பங்களாவுக்குக் கீழேதான் மாரியம்மன் கோவில் கொட்டகை. ஞாயிறு பகலில் அங்கே கூடிக் கூத்துப் பழகுவோம். அந்த வருஷம் எங்கள் ஆர்மோனியத்தின் துருத்தியை எலி தின்றுவிட்டது. தப்பும் தாளமும் இருந்தன, சுருதிதான் இல்லை. நான் ஒப்பாரியை எடுத்தபோது பங்களாவின் பின்பக்கத்திலிருந்து அதே மெட்டு மண்டலினில் இறங்கி வந்தது. நான் ஏறினால் அதுவும் ஏறியது. நான் இழுத்து நிறுத்திய இடத்தில் அதுவும் நடுங்கிக்கொண்டு நின்றது. தப்புக்காரர்கள் அடிப்பதை விட்டுவிட்டு மேலே பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு கிளாக்கர் சீட்டாடப் போனதும் அம்மாவே மண்டலினோடு இறங்கி வந்துவிட்டார்.

"மூக்கையா, நீ அழுகிற இடத்தில என்ர கை சும்மா இருக்குதில்லை," என்றார். "துரைசாணிக்கு வாசிக்கேக்கை அவ பிஸ்கட்டைத்தான் பாக்கிறா. கூத்து நடக்கிற அண்டைக்கு உங்களோட இருந்து வாசிக்க வேணும். ஒருக்கா எண்டாலும் காணும்."

எங்கள் கூத்து வாத்தியார் அழகமுத்து தலையைச் சொறிந்தார். "ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்கம்மா. இல்லாட்டி எங்களுக்குப் பேரு போடமாட்டாரு."

அம்மா அன்றே கேட்டிருக்கிறார். பதிலைப் பங்களாவில் கூட்டித் துடைக்கிற இருளாயி கொண்டுவந்தாள். "தப்படிக்கிறவங்களுக்கு நடுவுல என் பொண்டாட்டி குந்துறதான்னு ஐயா குதிகுதின்னு குதிச்சாரு. அவரு உத்தியோக மானம் போயிருமாம். அம்மா சாப்பிடாம படுத்திருக்காங்க."

மீசைக்காரன் நான் சேலை கட்டி ஊர் நடுவே அழலாம். பிறந்தது முதல் பெண்ணாக இருக்கிற ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து கம்பி மீட்டினால் மானம் போய்விடும். இதை யோசித்தால் எனக்குத் தலை சுற்றியது. கிளாக்கருக்குச் சுற்றவில்லை.

கூத்தன்று தோட்ட வேலையாக இரத்தினபுரி அரசாங்கக் கச்சேரிக்குப் போன கிளாக்கர், மறுநாள்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பொழுது சாய்ந்ததும் அம்மா இறங்கி வந்தார். கூத்துக்காரர் முகம் வெறுமையாக இருக்கக் கூடாது என்று நான் அரிதாரத்தையும் கண்ணாடியையும் நீட்டினேன். தானே பூசிக்கொண்டார். தப்புக் காய்ச்சுகிற நெருப்புக்கு எட்டத்தில் உட்கார்ந்து கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கிச் சுருதி சேர்த்தார். சனம் முழுவதற்கும் அது யார் என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்று நான் அழுததுபோல் என்றும் அழுததில்லை. ஒப்பாரி முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே நாற்காலியில் கிளாக்கர் இருக்கிறார். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம். கீழ்த் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த பெரிய கிளாக்கர் சரவணமுத்துவையும் கூத்துப் பார்க்கக் கூட்டி வந்திருந்தார். மனைவியைக் கண்டுகொண்டார் என்பது அவர் முகம் சாம்பல் பூத்ததிலேயே தெரிந்தது.

சரவணமுத்துவோ சொக்கிப்போயிருந்தார். "ஆர் இந்தப் பொடியன்? மண்டலினில இப்பிடி ஒரு கையை நான் கொழும்பிலையும் கேக்கேல்லை."

கூத்தில் சேலை கட்டியிருந்தால் அது ஆண்தான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். அதற்குமேல் அந்தப் படித்த மனிதரின் கண் வேலை செய்யவில்லை. "ஆனா பொம்பிளைத்தனம் காணாது," என்று தீர்ப்பும் சொன்னார். "இருக்கிற இருப்பைப் பாருங்கோ, அச்சு ஆம்பிளை. ரதி வேஷக்காரனிட்டப் பாத்துப் பழக வேணும்."

அழகமுத்து எங்கள் கிளாக்கரைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தோம். அம்மாவும் பார்த்தார். என் மனைவி என்று சொன்னால் முடிந்தது. அதைச் சொல்லச் சம்பளமா குறையும்?

"அது என்ர தம்பி," என்றார் செல்வரத்தினம். "ஊரிலயிருந்து வந்து நிக்கிறான்."

சரவணமுத்து எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை குலுக்கப்பட்டதும் நம் ஆளுக்குத் தைரியம் வந்துவிட்டது. "நான்தான் பழக்கினனான்," என்றார். மண்டலினில் எத்தனை கம்பி என்று கேட்டிருந்தால் விழித்திருப்பார்.

தப்புக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் எரிந்துபோனதாக எத்தனையோ தரம் நடித்தவன் நான். உயிரோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற புருஷனைப் பார்த்து ஒரு பெண்ணின் முகம் அம்மாவின் முகத்தைப் போல இடிந்துபோகும் என்று எனக்குத் தெரியாது. அந்த மனிதனை அடிக்க வேண்டும் போலிருந்தது.

"அப்ப சித்திரையில எங்கட அம்மன் திருவிழாவுக்குத் தம்பியையும் அனுப்பி வையுங்கோ. ரதியையும்தான்," என்றார் சரவணமுத்து.

"அதுக்கென்ன, கட்டாயம்."

அம்மா மண்டலினை மடியில் சாய்த்துவிட்டுக் கிளாக்கர் பக்கம் திரும்பினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணை சொன்னாச் சரி," என்றார்.

திருவிழா நெருங்கியதும் தம்பிக்குக் காய்ச்சல் என்று கிளாக்கர் ஆள் அனுப்பினார். நல்ல மனிதரான சரவணமுத்து, அப்படியானால் போய்ப் பார்த்துவிட்டு ரதியையாவது கூட்டிவர வேண்டும் என்று, திருவிழாவன்று ஆரஞ்சுப் பழத்தோடு மாட்டுக் கரத்தையில் வந்து இறங்கிவிட்டார். வேஷம் கட்டிக்கொண்டே வண்டி ஏறுவது என் வழக்கம். அன்றும் சேலையோடு பங்களா வாசலில் காத்திருந்தேன்.

"தம்பிக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டார் சரவணமுத்து.

கிளாக்கர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மா வந்தார். என்னைப் போலவே சேலை, முகம் முழுக்க அரிதாரம், கையில் மண்டலின். நேராகப் போய்க் கரத்தையில் ஏறி உட்கார்ந்தார்.

கிளாக்கர் ஓடிவந்து வண்டிச் சட்டத்தைப் பிடித்தார். மனைவியை இறக்கலாம். இறக்கினால் அன்று சொன்னது பொய் என்று ஆகிவிடும். தம்பியை இறக்குவதற்கோ காரணம் இல்லை. காய்ச்சல் இல்லையென்று பக்கத்தில் நிற்பவரே பார்த்துவிட்டார்.

"அண்ணை," என்றார் அம்மா அதே தாழ்ந்த குரலில், "அண்ணிக்குத்தான் சுகமில்லை. அவவை எழுப்பாதேங்கோ. நான் வர ரெண்டு நாளாகும். சோத்தை நீங்களே வடியுங்கோ."

"தம்பிக்கு அண்ணியில நல்ல பட்சம்," என்று மெச்சிக்கொண்டே ஏறினார் சரவணமுத்து. நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

சிங்களக் கரத்தைக்காரன் "யமு மாத்தயா", போவோம் ஐயா என்று சொல்லி மாட்டைத் தட்டினான். வளைவு திரும்புமுன் சரவணமுத்து பங்களாவைப் பார்த்துக் கையை ஆட்டினார். பெரிய கிளாக்கர் செல்வரத்தினமும் வாசலில் நின்று பதிலுக்குக் கையை ஆட்டினார். தம்பியை வழியனுப்புகிற அண்ணன் வேறு என்ன செய்வார்?