தோணி மாதா கோயில் எழும்பிய கதை

2001 தவக்காலத்தில், ஒரு பூசையின்போது, கத்திவாக்கம் தோணி மாதா கோயில் தரையை விட்டு ஒரு சாண் மேலே எழும்பியது. கோயில் ஆஸ்பத்திரி நர்சுகள் இருவர் குவைத்துக்குப் போவதற்காகப் பாஸ்போர்ட்டுகளைக் காணிக்கைத் தட்டில் வைக்க, வேதமாணிக்கம் சாமியார் தீர்த்தம் தெளித்த பூசை அது. பிறகு ஒவ்வொரு நர்சு போனபோதும், ஒவ்வொரு வெல்டர் போனபோதும் ஒரு சாண். சனங்கள் ஏணி வைத்தார்கள். அவ்வப்போது ஒரு படி கூட்டினார்கள். மோட்சம் நெருங்குகிறது என்றார் சாமியார். நர்சு குறைந்த ஆஸ்பத்திரி வாசலில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தவர்களும் கை தட்டினார்கள். தூ! அந்தக் கைதட்டலை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

2003இல் ஆஸ்பத்திரியில் மிஞ்சியது மங்கை என்ற நர்சு ஒருத்திதான். தனி ஆளாக நின்று நின்று கால் வீங்கிய பெண். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கும் அயர்லாந்து விசா வந்தது. வலைக்காரன் தவசிமுத்துவின் மனைவி செசிலி அப்போது நிறைமாதம். முதல் இரண்டும் பிரசவத்திலேயே போன பிள்ளைகள். அவன் ஏணியேறிப் போய்க் கெஞ்சினான்.

"சாமி, அந்தப் பொண்ணு மூணு வாரம் கயிச்சுப் போவட்டும்னு ஒரு ஜெபம் பண்ணுங்க. இவளுக்கு நாளு நெருங்கிகினு கீது."

"ஒரு பிள்ளை முன்னேறுறதைத் தடுக்கவா ஜெபிக்கச் சொல்றே? பாவம்டா அது" என்றார் சாமியார்.

மங்கையின் வழியனுப்புப் பூசையன்று காலையிலேயே செசிலிக்கு வலி கண்டது. தவசிமுத்து ஓடிவந்தபோது பாஸ்போர்ட் தட்டில் இருந்தது, தீர்த்தம் தெளித்தாகிவிட்டது. கோயில் ஒரே எழும்பலில் தென்னை உயரம் போய், ஏணி சரிந்து விழுந்தது.

"மங்கே, எறங்கி வாம்மா! செசிலிக்குத் தலை சுத்துது, ரத்தம் நிக்கல!"

மங்கை வாசற்படிக்கு ஓடிவந்தாள். "கயிறு போடுங்கண்ணா, வரேன்!" என்று அலறினாள். பின்னால் பாடல் நிற்கவில்லை. வலைக்கயிறுகளை முடிந்து அவளை இறக்குவதற்குள் செசிலியும் போய்விட்டாள், குழந்தையும் போய்விட்டது. மங்கை இருவரையும் கழுவித் துடைத்து, மறுவாரம் விமானம் ஏறினாள்.

அடக்கப் பூசைக்குப் பெட்டியைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பச் சொன்னார் சாமியார்.

"நீ கீழ எறங்கி வாய்யா" என்றான் தவசிமுத்து.

அவர் வரவில்லை. அவனே மண் தள்ளினான்.

கோயில் இப்போது பனை உயரத்துக்கும் மேலே நிற்கிறது. அடியில் நல்ல நிழல். பெண்கள் அங்கே இறால் உரிக்கிறார்கள், தவசிமுத்து வலை பின்னுகிறான். மேலே மணியடித்தால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.