மாடி வார்டிலிருந்து தெரிந்த மலை

மாடி வார்டில் இருபத்தெட்டுக் கட்டில்கள். அத்தனை பேரும் பெண்கள். அத்தனை பேருக்கும் நெஞ்சில் ஒரே வியாதி, காசநோய். காலையில் ஊசி, பிறகு கை நிறைய மாத்திரை, அதற்குப் பிறகு ஓய்வு. விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை உட்கார்ந்தே பழக்கமில்லாத பெண்களுக்கு அந்த ஓய்வுதான் பெரும்பாடு. வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்து, எதிரே இருந்த மலையைப் பார்த்தே பகலைக் கழிப்பார்கள்.

மலை என்றால் பெரிய மலை இல்லை. ஆஸ்பத்திரி மதிலைத் தாண்டினால் மழைத்தண்ணீர் ஓடும் ஒரு பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வனத்துறை நட்ட எல்லைக்கல். அங்கிருந்து மேலே காரையும் சூரைமுள்ளும் வெள்வேலமும், நடுநடுவே இடுப்புயரப் புல்லும்.

ஞானசௌந்தரி அங்கே வந்து சேர்ந்தது எண்பத்தொன்பதாம் வருஷம் மாசி மாதத்தில். குரோம்பேட்டையில் செருப்புக் கம்பெனி ஒன்றில் தோல் ஒட்டும் வேலை பார்த்தவள். கணவன் சுந்தர்சிங்குக்குக் கல்குவாரியில் வேலை. பிள்ளைகள் இரண்டும் நாத்தனார் வீட்டில் இருந்தன. தினமும் நாலு மணிக்குப் பார்வையாளர்களை விடும்போது, அவித்த முட்டையும் பாலும் எடுத்துக்கொண்டு சுந்தர்சிங் வந்துவிடுவான்.

பங்குனி பிறந்ததும் மலை எரியத் தொடங்கியது. மத்தியானக் காற்றில் புகை நேராக வார்டுக்குள் இறங்கியது. ஜன்னல்களைச் சாத்தினார்கள், ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. ஏற்கெனவே பாதி நெஞ்சோடு மூச்சு விடுகிறவர்கள் இருமி இருமிச் சுருண்டார்கள். மூன்றாவது தீயின்போது கோடிக் கட்டில் தாயாரம்மாள் ரத்தம் ரத்தமாகத் துப்பினாள். அவளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக் கீழே கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள்.

மறுநாள் பொன்னுசாமி என்ற வனக்காவலர் வார்டுக்கு வந்தார். காக்கிச் சட்டையும் ரப்பர் செருப்புமாக, உள்ளே நுழையாமல் வராந்தா முனையிலேயே நின்றார்.

"மூணு மலைக்கு நான் ஒரே ஆளும்மா. கீழேர்ந்து பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் நாள் பூரா பாத்துகினு கீறீங்க. அதான் கேக்க வந்தேன்."

"வெய்யில்ல தானா பத்திக்குதா சார்?" என்று கேட்டாள் தையல்நாயகி. அவள் ஏற்றுமதிக் கம்பெனியில் தையல்காரி. ஞானசௌந்தரிக்குப் பக்கத்துக் கட்டில்.

"தானா எங்க பத்திக்கும்? பச்ச மரத்த வெட்னா கேஸு. காஞ்ச விறகு பொறுக்கினா யாரும் கேக்க மாட்டாங்க. அதனால கொளுத்தி உட்டுட்றாங்க. பத்து நாள் கழிச்சு வந்து, காஞ்சத ஒடச்சுக் கட்டிகினு பூடறாங்க. நீங்க யாரையும் புடிக்க வாணாம், கீழ எறங்கவும் வாணாம். பொக தெரிஞ்சா ஆபீசுக்குப் போன் பண்ணுங்க. யாராச்சும் உள்ள போறத பாத்தா, இன்னா நேரம், எந்தப் பக்கம்னு சொல்லுங்க. அது போதும்."

அன்றிலிருந்து வராந்தாவுக்கு உயிர் வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். போனில் இடம் சொல்லத் தோதாக, மலையின் ஒவ்வொரு மூலைக்கும் தையல்நாயகி பெயர் வைத்தாள்: ஒட்டகப்பாறை, ரெட்டைமரம், மொட்டைத்திட்டு. வார்டு ஆயா பேபி, டூட்டி ரூமில் சிஸ்டரிடம் அனுமதி வாங்கிப் போன் செய்வாள். அடுத்த இரண்டு தீயும் அரைமணி நேரத்துக்குள், பச்சைக் கிளைகளால் அடித்து அணைக்கப்பட்டன. அதை மாடியிலிருந்தே பார்த்த பெண்கள் அன்றைக்கு இரண்டு வாய் கூடச் சாப்பிட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. ஞானசௌந்தரியின் முறை. கூட இருந்த தையல்நாயகி சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். பள்ளத்தோரமாக ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். இறங்க வேண்டிய இடம் வந்ததும் சைக்கிளை இடது தோளில் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினான். சுந்தர்சிங்குக்கு வலது கை முன்பே குவாரியில் கல் விழுந்து ஒடிந்தது. அதனால் எதையும் இடது தோளில்தான் தூக்குவான். முகம் பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு இருக்கவில்லை.

ஒதுங்கப் போகிறான் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கால்மணி நேரம் போயிருக்கும். ஒட்டகப்பாறைக்குக் கீழே வெள்ளையாக ஒரு இழை எழும்பிக் கறுத்தது.

"பேபிக்கா! ஒட்டகப்பாறைக்குக் கீழ! போன் பண்ணுக்கா!"

பேபி ஓடிவந்து எட்டிப்பார்த்தாள். "யாராச்சும் போனாங்களா?"

"பாக்கலக்கா."

பேபி போன் செய்ய ஓடினாள்.

நாலு மணிக்கு சுந்தர்சிங் வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு முட்டையை உரிக்க ஆரம்பித்தான்.

"சட்டையில இன்னா வாசன? சுக்குநாறிப் புல்லு எரிஞ்சா மாதிரி."

"டீக்கடை அடுப்பாண்ட நின்னேன்."

"மேலேர்ந்து பாத்தேன்யா. சைக்கிள தோள்ல தூக்கிகினு நீ போனத."

உரித்த முட்டையை அவன் தட்டில் வைத்தான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்: "குவாரி மூடி நாலு மாசமாச்சு, சௌந்தரி. உன்னாண்ட சொல்லல. இந்த முட்டையும் பாலும் எங்கேர்ந்து வருதுன்னு நெனச்ச? புல்லுதான எரியுது. மழ வந்தா மொளச்சிடும்."

"தாயாரம்மாவ ரத்தம் கக்கக் கக்கத் தூக்கிகினு போனாங்க. அவங்களும் மழ வந்தா மொளச்சிடுவாங்களா?"

"நாலு மணிக்கு நான் வரச்சொல்ல இங்க பொகையே இருக்காது. எனக்கு இன்னா தெரியும்?"

"இப்ப தெரிஞ்சிடுச்சில்ல. நாளைக்குப் பொன்னுசாமி வருவாரு. நீயே போய் அவராண்ட சொல்லிடு. நீ சொல்லலன்னா நான் சொல்வேன்."

"கட்டினவனக் காட்டிக் குடுப்பியா?"

"குடுப்பேன்."

அவன் எழுந்து போய்விட்டான். முட்டை தட்டிலேயே கிடந்தது.

மறுநாள் பதினோரு மணிக்குப் பொன்னுசாமி வந்தார். சுந்தர்சிங் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஞானசௌந்தரி கட்டிலை விட்டு இறங்கி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"நேத்து ஒருத்தர் உள்ள போனத பாத்தேன் சார். பாக்கலன்னு பேபிக்காவாண்ட பொய் சொல்லிட்டேன்." பெயரைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள்.

பொன்னுசாமி எழுதிக்கொண்டே கேட்டார். "இவ்ளோ வெவரமா சொல்றீங்களே, தெரிஞ்சவரா?"

"எங்க வூட்டுக்காரர்."

தையல்நாயகி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலுக்குத் திரும்பிப் போகும்வரை விடவில்லை.

ரேஞ்சர் சுந்தர்சிங்கைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் மறுக்கவில்லை. கூடக் கொளுத்திய இரண்டு பேரையும், விறகு வாங்கிய சூளைக்காரரையும் சொல்லிவிட்டான். கேஸ் எழுதி அபராதம் போட்டார்கள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் மலையடிவாரத்தில் தீ தாண்டாமலிருக்கப் புல்லைச் செதுக்கி வெறுந்தரையாக ஒரு கோடு எடுக்க வேண்டியிருந்தது. கூலிக்கு ஆள் போதவில்லை. "எங்க கொளுத்தினா எப்படிப் பரவும்னு உனக்குத்தான தெரியும். வா" என்று பொன்னுசாமிதான் அவனைக் கூட்டிப்போனார்.

ஞானசௌந்தரி அதை மாடியிலிருந்து பார்த்தாள். எட்டுப் பேர் வரிசையாகக் குனிந்து மண்வெட்டியால் செதுக்கிக்கொண்டு போனார்கள். ஒருவன் மட்டும் இடது கையை அழுத்தி வெட்டினான். ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. சாப்பாடு நாத்தனார் மூலம் வந்தது. அவளும் தூக்கை வைத்துவிட்டு முகம் கொடுக்காமல் போவாள். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு ஞானசௌந்தரி அழுதிருக்கிறாள். செய்தது தப்பு என்று மட்டும் ஒருநாளும் அவளுக்குத் தோன்றவில்லை.

சித்திரைக் கடைசியில் தாயாரம்மாள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து மாடிக்கு ஏறிவந்தாள். பேச்சு மெலிந்திருந்தாலும் ஆள் தேறியிருந்தாள்.

வைகாசியில் ஒரு நாள், நாலு மணிக்கு, சுந்தர்சிங் வந்தான். வெய்யிலில் கறுத்திருந்தான். உள்ளங்கையெல்லாம் புதுக் கொப்புளம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"கோடு முடிஞ்சிடுச்சு" என்றான். "மேலேர்ந்து பாத்தா நேரா கீதா?"

"நடுவுல ஒரு எடத்துல கொஞ்சம் வளைஞ்சு கீது."

"அங்க பாம்புப் புத்து. யாரும் கிட்ட போமாட்டேன்னுட்டானுங்க. சுத்திகினு போனோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது. அவன் எழுந்து முதுகைத் தடவிவிட்டான்.

"அடுத்த வாரம் வூட்டுக்கு அனுப்பிடறேன்னு டாக்டர் சொன்னாரு. மாத்திர மட்டும் விடாம முழுங்கணுமாம்" என்றாள்.

"புள்ளைங்களையும் இட்டுகினு வரேன். ரெண்டும் உன்ன கேட்டுகினே கீதுங்க."

மணி அடித்தது. மற்றவர்களைப் பார்க்க வந்தவர்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். சிஸ்டர் வந்து ஒரு முறை பார்த்துவிட்டு, அவனைப் போகச் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். சுந்தர்சிங் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.