அமைதியான குடும்பத்துக்கு மட்டும்

“உனக்கு எந்த ரூம்மா வேணும்?”

வீட்டை விற்கிற பல் டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் நின்றது. எங்கள் வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்டுப் பதில் வருவதற்குள் சோறு ஆறிவிடும் என்பாள் அம்மா. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னார்கள். எழுந்து நிற்பது வரைக்கும் என்னால் முடிந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன்.

மாடிப்படி முடிகிற இடத்தில் இருந்த சின்ன அறையை விரலால் காட்டினேன். ஒரு ஜன்னல், ஓர் அலமாரி, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். நாங்கள் குடியிருந்த இடத்தில் எனக்கு ஹாலில், டிவிக்குக் கீழே படுக்கை. உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ளக்கூடிய இடம் என்று எனக்குத் தெரிந்தது குளியலறை ஒன்றுதான். அங்கேயும் போன கையோடு யாராவது வந்து தட்டுவார்கள்.

“வீடு அமைஞ்சா அந்த ரூம் அவளுக்குத்தான் டாக்டர்” என்றார் அப்பா. அவர் கணக்கில் அது கிசுகிசுப்பு. எதிர்வீட்டு மாடியில் ஒரு திரைச்சீலை விலகி, மறுபடி மூடிக்கொண்டது.

அப்பா மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் போடுபவர். விடியற்காலையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்றால், லாரி ஹாரனையெல்லாம் அவர் குரல் அமுக்கிவிடும். சந்தையில் அவருக்கு ‘மைக் செட்’ என்று பெயர். அந்தத் தொண்டையில் சம்பாதித்ததை வைத்துத்தான், சத்தமே இல்லாத ஒரு தெருவில் வீடு வாங்கக் கிளம்பியிருந்தோம்.

தெரு அப்படி ஒரு தெரு. நாய்கள் இருந்தன, குரைக்கவில்லை. குழந்தைகள் சைக்கிள் ஓட்டினார்கள், மணி அடிக்கவில்லை. டாக்டரம்மா வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்கியது. ‘விற்பனைக்கு. அமைதியான குடும்பத்துக்கு மட்டும்.’ அக்கம்பக்கத்துக்கு அப்படி வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் விற்கிறாராம்.

வீட்டைச் சுற்றிக் காட்டியவர் புரோக்கர். “இது டைனிங்” என்றார். பெரிய மேசை, எட்டு நாற்காலி, நடுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பிளாஸ்டிக் பழங்கள்.

“அப்ப இங்கதான் சாப்பிடணுமா?” என்றாள் அம்மா.

“சேச்சே, யாராவது இங்க சாப்பிடுவாங்களா? அதோ, கிச்சன்ல ஒரு குட்டி கவுண்டர் இருக்கு பாருங்க, அங்க நின்னுக்கிட்டே சாப்பிட்டுக்கலாம்.”

சமையலறை அலமாரிகளுக்குக் கைப்பிடி இல்லை. அம்மா தள்ளினாள், இழுத்தாள், கீழே குனிந்து பார்த்தாள். “திருடனுக்குப் பயந்து இப்படிச் செஞ்சீங்களா?” என்று கேட்டாள். லேசாக அமுக்கினால் திறக்கும் என்று புரோக்கர் அமுக்கிக் காட்டினார். அண்ணன் ஒரு கதவை ஓங்கிச் சாத்திப் பார்த்தான். அது பாதி வழியில் மனதை மாற்றிக்கொண்டு மெதுவாகப் போய் ஒட்டிக்கொண்டது. “கோவிச்சுக்கிட்டுக் கூடச் சாத்த முடியாது போலிருக்கே” என்று வருத்தப்பட்டான்.

டாக்டரம்மாவுக்கு எங்கள் குடும்பத்தில் பிடித்தது என்னைத்தான். “இந்தப் பொண்ணு மாதிரி எல்லாரும் இருந்துட்டா எவ்வளவு நல்லாருக்கும்” என்றார். வெளியே வந்ததும் புரோக்கர் அப்பாவைத் தனியாக இழுத்தார். “சார், உங்க பொண்ணுதான் உங்களுக்கு துருப்புச்சீட்டு. அடுத்த தடவை முன்னாடி உட்கார வைங்க. நீங்க கொஞ்சம் பின்னாடி உட்காருங்க. முடிஞ்சா தோட்டத்துல.”

அன்றிலிருந்து என் மவுசு ஏறியது. ‘ஊமைக்கோட்டான்’ என்றே கூப்பிட்டுப் பழகிய அண்ணன், “ஏய், நீ எப்படி இப்படி இருக்கே? சொல்லிக் குடேன்” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இத்தனை வருடம் என்னை ஊரெல்லாம் டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்த அம்மா, போனில் எல்லாரிடமும், “எங்க பொண்ணு வாயே திறக்க மாட்டா, அப்படி ஒரு வளர்ப்பு!” என்று கத்தினாள்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. உப்பு வேண்டுமென்றால் கையைத்தான் நீட்ட வேண்டும். அப்பா தொண்டையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, “குழம்பு நல்லாருக்கு” என்று மெதுவாகச் சொல்லிப் பழகினார். மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து, என்ன குழம்பு என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பேரம் பேசவும் புரோக்கர் சொல்லிக்கொடுத்திருந்தார். வீட்டில் எதையாவது குறை சொல்ல வேண்டும். சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டும். “குழாய்ல தண்ணி மெதுவாத்தான் வருது” என்று பெருமூச்சு விட வேண்டும். அப்பா உதட்டைப் பிதுக்கிப் பிதுக்கிக் கண்ணாடி முன் பயிற்சி எடுத்தார். நான் மனதுக்குள் அந்தச் சின்ன அறையில் அலமாரியை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தேன். பிறகு பழைய இடத்துக்கே கொண்டுபோனேன். வெயில் விழுகிற இடம் வெறுமையாக இருந்தால்தான் நன்றாயிருக்கும்.

விலை பேசப் போன அன்று டைனிங் மேசையில் எங்களுக்கு முன்பே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் கண்ணாடி போட்டவர்கள். ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டார்கள். நாற்காலியை நகர்த்தினால்கூடச் சத்தம் வராத மனிதர்கள். அவர்களைப் பார்த்ததும் அம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

“ரெண்டு குடும்பமுமே தங்கம். எனக்கு யாருக்குன்னு சொல்லவே முடியல” என்றார் டாக்டரம்மா. “நீங்களே உங்களுக்குள்ள பேசிக்கோங்க. யார் விலையைக் கூட்டிக் கேக்கறாங்களோ அவங்களுக்கு.”

அப்பா நல்லபடியாகத்தான் ஆரம்பித்தார். சுவரைத் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார். மெதுவாக ஒரு விலையைச் சொன்னார்.

கண்ணாடிக்காரர் இடது புருவத்தை மட்டும் கொஞ்சம் தூக்கினார்.

சந்தையில் வியாபாரிகள் வாயால் கேட்பதில்லை. ஒருவன் புருவத்தைத் தூக்குவான், ஒருவன் மூக்கைச் சொறிவான், ஒருவன் ஒரு விரலை மடக்குவான். அதைப் பார்த்து உரக்கச் சொல்வதுதான் இருபத்தைந்து வருடமாக அப்பாவின் பிழைப்பு.

“அண்ணன் மேல கேக்கறாரு!” என்றார் அப்பா.

அம்மா அவர் தொடையைக் கிள்ளினாள். அப்பா தாமே ஒரு படி ஏற்றிச் சொன்னார். கண்ணாடிக்காரரின் மனைவி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

“அக்கா அதுக்கும் மேல! வேற யாரு? பேசுங்க, பேசுங்க, சரக்கு நிக்காது!”

அப்பா எழுந்துவிட்டார். மஃப்ளர் எங்கே போயிற்றோ தெரியவில்லை. “சும்மா வீடுன்னு நினைச்சிராதீங்க! சுவத்தைத் தட்டிப் பாருங்க, கோயில் மணி மாதிரி கேக்குது! கைப்பிடியே இல்லாத அலமாரி, எங்க கிடைக்கும்? குழாயத் திறந்தா தண்ணி பூ மாதிரி விழும்! மாடியில ஒரு ரூம் இருக்கு பாருங்க, சின்ன ரூம், ஜன்னல்ல வெயில் வந்து விழுந்துச்சுன்னா, ராஜா மாதிரி உட்காந்துக்கலாம்!”

அந்த வெயிலை அவரும் பார்த்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கண்ணாடிக்காரர் முதல்முறையாகக் குரலை உயர்த்தி ஒரு விலையைச் சொன்னார். புரோக்கர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் எங்களால் முடியாது என்று அம்மா முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் தேவைப்பட்டால் கடைசியில் இன்னும் ஒரு படி ஏறலாம் என்று அப்பா வீட்டில் சொல்லியிருந்தார்.

“ஒரு தரம்!” என்றார் அப்பா.

“எப்பா, உட்காருப்பா” என்றான் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“ரெண்டு தரம்!”

எழுந்து நின்றேன். வகுப்பில் நிற்பது போலவே நின்றேன். பிறகு எப்படி வந்ததோ தெரியவில்லை, “அப்பா, நாம!” என்று ஒரு சத்தம் வந்தது. என்னுடையதுதான். கரகரவென்று, புழங்காத கதவு மாதிரி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். ஆனால் அந்தக் கண்ணில் மகள் இல்லை. கூட்டத்தில் கை தூக்கிய யாரோ ஒரு வியாபாரிதான் இருந்தான்.

“சும்மா ‘நாம’ன்னா எப்படிம்மா? ரேட்டைச் சொல்லு, ரேட்டை!”

எனக்கு ரேட் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தாழ்ப்பாள்தான்.

“மூணு தரம்!” என்று மேசையில் ஓங்கி ஓர் அறை அறைந்தார் அப்பா. பிளாஸ்டிக் ஆப்பிள் ஒன்று கிண்ணத்திலிருந்து எகிறி உருண்டது. “அண்ணனுக்கே!”

புரோக்கர்தான் முதலில் கை தட்டினார். “சார், இந்தத் தெருவுல இவ்வளவு விலைக்கு ஒரு வீடு போனதே இல்ல” என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிக்காரர் அப்பாவின் காதருகே வந்து ரொம்ப மெதுவாக, “நன்றிங்க” என்றார்.

அப்பாவின் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது, நல்ல விலைக்கு ஒரு சரக்கைத் தள்ளிவிட்ட சிரிப்பு. அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நான் பார்த்தேன். அம்மாவைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.

உருண்ட ஆப்பிளை எடுத்துக் கிண்ணத்தில் வைத்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். எங்கள் வண்டியைத் தாண்டி, திரைச்சீலைகளைத் தாண்டி, தெருவின் நடுவே தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்து போனார்.