மலையிறங்கிய பள்ளிக்கூடம்

யுன்கோவ் மலைப் பள்ளிக்குப் பூட்டுப் போட்ட மறுவாரம், அந்தக் கட்டடம் தன் கருப்பு ஓடுகளோடும் வாசல் பேரி மரத்தோடும் மலையிலிருந்து இறங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு மலைப்பாதையில் ஒரு வளைவு என்ற வேகத்தில்தான் இறங்கியது. அந்த வருடம் மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்ததால் ஊரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

பூட்டச் சொல்லிக் கையெழுத்திட்டவர் மாவட்டத் துணைத் தலைவர் யென் தாவ்ஷெங். இளமை முழுவதும் அதே பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். அந்த மலையில் முதல் தடவை கேட்டால் எவரும் தன் கஷ்டத்தைச் சொல்வதில்லை. முதலில் ஒன்றுமில்லை என்பார்கள், இரண்டாம் தடவை சிரித்து மழுப்புவார்கள், மூன்றாம் தடவைதான் உண்மை வரும். யென்னுக்கு இது நன்றாகத் தெரியும். குளிர்காலக் காலைகளில் ஒவ்வொரு பிள்ளையிடமும் "சாப்பிட்டியா?" என்று மூன்று முறை கேட்டு, வகுப்பறை அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கைக் கையில் வைத்துவிட்டுத்தான் பாடம் தொடங்குவார். அந்த நல்ல பெயரே அவரைக் கல்வி அலுவலகத்துக்கும், பிறகு பெரிய பதவிக்கும் கொண்டுபோனது.

அடிவாரத்தில் சாப்பாட்டுக் கூடத்தோடு புதிய பள்ளி எழுந்தபோது, மலைப்பள்ளி எதற்கு என்ற பேச்சு வந்தது. யென்னுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவரே மலையேறி வந்து, அந்தப் பள்ளியின் கெட்டிக்கார மாணவியான பாவ்ச்சினின் தகப்பன் லுவோவைக் கேட்டார்.

"பாவ்ச்சின் கீழ வரைக்கும் நடந்து போயிடுவாளா?"

"அதுக்கென்ன வாத்தியாரே, ஆட்டுக்குட்டி மாதிரி ஓடுவா."

"பெரிய ஆளாயிட்டீங்க. எங்க வீட்டுக் கிழங்கெல்லாம் இன்னும் உள்ள இறங்குமா?" என்று லுவோவின் மனைவி கேலி செய்தபடியே அவர் கோட்டுப் பையில் சூடாக இரண்டைத் திணித்தாள். கீழே கார் ஒலி எழுப்பியது. கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. யென் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அன்று மாலையே கையெழுத்துப் போட்டார்.

முதல் குளிர்காலத்தில் புதிய பள்ளிக்குப் போகும் ஆற்றோரப் பாதை உறைந்ததும் பாவ்ச்சின் படிப்பை நிறுத்தினாள். ஆடு மேய்த்தாள், கடலோர நகரத்தில் செருப்புத் தைத்தாள், கடைசியில் மாவட்ட அலுவலகத்துக்கு எதிரே நூடுல்ஸ் கடை போட்டாள். பள்ளிக்கூடமும் தன் வழியில் இறங்கிக்கொண்டிருந்தது. கடந்துவந்த ஊர்களில் பெண்கள் அதன் கூரை இறவாணத்தில் சோளக்கதிர் காயவைத்தார்கள். சாலை போட்டவர்கள் அதற்கு வழிவிட்டு வளைத்துப் போட்டார்கள். யென் பணி ஓய்வு பெற்ற அன்று அது அலுவலகத் தெருமுனைக்கு வந்து நின்றது.

"ஐயா, உங்க பள்ளிக்கூடம் வண்டிய மறிக்குது. அதையும் வேற இடத்துக்கு மாத்தி ஒரு உத்தரவு போட்டுட்டுப் போங்களேன்," என்றான் ஓட்டுநர்.

யென் இறங்கி நடந்தார். பூட்டில் தன் அலுவலக முத்திரை துருவேறிக் கிடப்பதைப் பார்த்தார். பிறகு எதிர்க்கடையில் போய் உட்கார்ந்தார்.

"பாவ்ச்சின், உனக்குப் படிக்கணும்னு ஆசை இருந்துச்சா?"

"பழைய கதை எதுக்கு வாத்தியாரே? ஆறிடும், சாப்பிடுங்க."

"இருந்துச்சாம்மா?"

அவள் சிரித்தாள். "உப்பு போதுமா பாருங்க."

"பாவ்ச்சின், ஆசை இருந்துச்சா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இருந்துச்சு. உங்கள மாதிரி வாத்தியாராகணும்னு. நீங்க மறுபடியும் கேப்பீங்கன்னு அப்பா உங்க கார் மறையுற வரைக்கும் வாசல்லயே நின்னாரு."

யென் கிண்ணத்தில் இருந்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். அது ஒன்றுதான் அவரால் முடிந்தது.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் கடையை ஒட்டி நின்றது. பூட்டு தானே கழன்றிருந்தது. யென் உள்ளே பெருக்கி அடுப்பு மூட்டினார். பிள்ளைகள் வரவில்லை. அதில் படிக்க வேண்டியவர்கள் எல்லோரும் வளர்ந்து எங்கெங்கோ போய்விட்டார்கள். கூட்டம் குறைந்த வேளையில் பாவ்ச்சின் வந்து, முழங்கால் இடிக்கும் அந்தச் சின்னப் பெஞ்சில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளுவாள். கரும்பலகையில் அவர் எழுதுவதை மெதுவாக வாசிப்பாள். குளிருக்கு ஒதுங்கும் சுமைதூக்கிகளிடம் யென் "சாப்பிட்டியா?" என்று மூன்று முறை கேட்பார், பிறகு கிழங்கை நீட்டுவார். பேரி மரம் அந்த வசந்தத்தில் வழக்கம்போல் பூத்தது. தபால்காரர் யுன்கோவ் பள்ளிக்கு வரும் கடிதங்களை இப்போது மலைக்குக் கொண்டுபோவதில்லை, நூடுல்ஸ் கடையிலேயே கொடுத்துவிடுகிறார்.