மைத்துனன் திருகிய மூன்று டிகிரி

வெல்டருக்கு ஒருவன் மேல் சந்தேகம் விழுந்துவிட்டால் அவ்வளவுதான், சோறு இறங்காது. இந்த முறை மாட்டியவன் மைத்துனன். அவன் உறுப்பினராக இருந்த மாதிரி ராக்கெட் சங்கத்துக்கு அவர் ஓர் ஏவுமேடை செய்து கொடுத்திருந்தார். மூன்று கால், நடுவே ராக்கெட்டைத் தாங்கும் கம்பி, அதைச் சாய்க்க ஒரு கீல், சாய்வைக் காட்ட டிகிரி போட்ட தகடு. காற்றில்லாத நாளில் முள் பூஜ்யத்தில் நின்றால் கம்பி நேராக வானத்தைப் பார்க்கும். மைதானத்தில் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் அவர் பூஜ்யத்தில் வைத்துவிட்டு நகர்வார். திரும்பிப் பார்த்தால் முள் மூன்றில் நிற்கும். கடைசியாக அங்கே குனிந்து எழுபவன் மைத்துனன்தான்.

"என் பேர கெடுக்கப் பாக்குறான் உன் தம்பி," என்று மனைவியிடம் பொரிந்தார்.

"அவனுக்கு வேற வேலையில்ல பாருங்க!" என்றாள். தம்பியை விட்டுக்கொடுப்பாளா அவள்!

இன்றைய ஏவுதல் ஒழுங்காக நடந்தால்தான் சங்கம் அந்த மேடையை வைத்துக்கொள்ளும். இல்லையென்றால் கடையில் வாங்கிக்கொள்வார்கள். முப்பது வருஷமாக வெறும் கேட்டும் கம்பிக்கதவும் செய்தவருக்கு, பெருமை என்று சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான். விடுவாரா? காலையில் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி, கீலில் ஒரு பொட்டு வெல்டு வைத்தார். இனி திருகு பார்க்கலாம்!

மைதானத்துச் சிமெண்டுத் தளத்தில் மேடையை வைத்து ராக்கெட்டை மாட்டினார்கள். மைத்துனன் வழக்கம்போலக் குனிந்து திருகினான். அசையவில்லை. வெல்டருக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது.

"யாரு மாமா இத ஒட்டினது?"

"நான்தான். ஏன், உன் கைவரிசைக்கு இடைஞ்சலா இருக்கா?"

மைத்துனன் சட்டைப்பையிலிருந்து சின்ன ரசமட்டத்தை எடுத்துக் கம்பியோடு ஒட்டி வைத்தான். குமிழி ஓரத்துக்கு ஓடியது. கம்பி, வேடிக்கை பார்க்கிறவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது.

"உங்க பட்டறைத் தரை, தண்ணி ஓட சரிவாப் போட்டது. அதுமேல மேடைய வச்சு, கம்பிய நேராக்கிப் பூஜ்யம்னு குறிச்சிட்டீங்க. சமதளத்துக்கு வந்தா மூணு டிகிரி சாயுது. நான்தான் ஒவ்வொரு தடவையும் நிமித்தி விட்டேன்."

வெல்டர் குனிந்து குமிழியைப் பார்த்தார். "முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"நாலு பேர் முன்னாடி எப்படிச் சொல்றது? தனியாச் சொன்னா மட்டும் கேட்டுடுவீங்களாக்கும்!"

அதற்குள் சங்கத் தலைவர் வந்துவிட்டார். "என்ன தாமதம்?"

"கீல் இறுகிப்போச்சு சார். நான்தான் முரட்டுத்தனமாத் திருகிட்டேன்," என்று மைத்துனன் முந்திக்கொண்டான்.

தலைவர் வெல்டரைப் பார்த்துத் தலையாட்டினார். "இவர் வேணும்னே மேடையக் கெடுக்கிறார்னு போன வாரம் நீங்க சொன்னது சரிதாங்க. இவரைச் சங்கத்த விட்டே எடுத்துடலாம்."

மைத்துனன் மெல்லத் திரும்பி மாமாவைப் பார்த்தான். ஐயோ, அந்த மனுஷருக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவன் மேல தப்பில்ல சார். ஒட்டினதும் நான், தப்பாக் குறிச்சதும் நான். மேடைய எடுத்துட்டுப் போயிடறேன். இவன எடுக்காதீங்க."

தலைவர் ராக்கெட்டைக் கழற்றச் சொன்னார். வெல்டர் தான் செய்ததைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"மாப்ளே," என்று கூப்பிட்டார்.

மைத்துனன் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தான்.