பாலக்கோட்டுக்கு ஒரு டிக்கெட்

கண்டக்டர் மாதையனின் குரல்வளையைச் சேலத்தில் அறுத்தெடுத்த மறுநாள் காலை, கடத்தூரில் ஏழேகாலுக்குக் கிளம்பிய டவுன் பஸ்ஸில் அவர் குரல், "மொரப்பூர், மொரப்பூர், படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று கூப்பிட்டது. ஆள் சேலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். பஸ்ஸில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. இருபத்தொன்பது வருஷமாகக் கேட்ட குரல்தானே. புளி மூட்டை ஏற்றியவர்கள் வழக்கம்போல அதனிடம் லக்கேஜுக்கு வம்பு பண்ணினார்கள், அது வழக்கம்போல அவர்கள் வாயை அடைத்தது. புதுக் கண்டக்டர் நவநீதன் மட்டும் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தார். நாலாம் நாள் எழுந்து வந்து, கத்துகிற வேலை மிச்சம் என்று டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார். நம்பாதவர்கள் ஏறிப் பார்க்கலாம், பெண்களுக்குக் காசுகூட இல்லை.

மாதையன் பீடி தொட்டவரல்ல, வெற்றிலைகூடப் போடமாட்டார். அவருக்குப் போய்த் தொண்டையில் புற்று. இதில் என்ன நியாயமோ, யாரைக் கேட்பது? அவர் மனைவி காசியம்மாளுக்கு வேறொரு குறையும் இருந்தது. மாதையன் வீட்டில் பேசமாட்டார். நாளைக்குத் தொண்டை வேண்டும் என்று கைஜாடையில் சோறு கேட்பார், கைஜாடையிலேயே போதும் என்பார். ரிட்டயர் ஆனதும் உட்கார்ந்து பேசுவோம் என்று கல்யாணமான புதிதில் சொல்லியிருந்தார். அவளும் அதை நம்பிக் காலத்தை ஓட்டினாள். இன்னும் இரண்டே வருஷம் என்கிறபோது தொண்டையே போயிற்று. "ஊருக்கெல்லாம் கத்துனீங்களே, எனக்குன்னு ஒரு வார்த்த மிச்சம் வெக்கலியே" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

குரல் ஏன் பஸ்ஸில் தங்கியது என்பது டெப்போவில் எல்லோருக்கும் தெரியும். ரிட்டயர் ஆகிற கண்டக்டர் கடைசி நடையில் மாலை போட்டுக்கொண்டு போய், மொரப்பூரில் படியில் நின்று இரண்டு விசில் கொடுத்து இறங்குவது அங்கே வழக்கம். மாதையனுக்கு உடல்நிலை காரணமாக ஓய்வு என்ற தாளில் வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிப் போனார்கள். அவசரத்தில் விசிலை மறந்துவிட்டார்கள். வேலை முடிந்தது குரலுக்குத் தெரியாது.

ஆகவே ஆடி மாதம் ஒரு நாள் அவருக்கு மாலை போட்டு, கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஆள் பாதியாகியிருந்தார். காசியம்மாள் பின்னால் ஏறினாள்.

"பெரியவரே, எங்க போவணும்?" என்று கேட்டது குரல்.

மாதையன் உதட்டை அசைத்தார்.

"வாயத் தொறந்து சொல்லுங்க, எனக்கு வேல இருக்குது."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மொரப்பூரில் அவர் படியில் நின்று விசிலை வாயில் வைத்து ஊதினார். மூச்சு ஆபரேஷனில் கழுத்தில் போட்ட துளை வழியாகவே போயிற்று, விசில் ஊமையாக இருந்தது. டிரைவர் சந்திரன் அதை வாங்கித் துடைத்துக் காசியம்மாளிடம் நீட்டினார். "நீங்களே ஊதி வுடுங்கக்கா. அதுவும் ஓயட்டும், அவரும் நிம்மதியா இருக்கட்டும்."

அவள் புருஷனைப் பார்த்தாள். சோற்றுக்கு மறிப்பதுபோல அவர் கையைக் குறுக்கே நீட்டினார். போதும் என்கிறார். அந்தக் கைக்குக் கல்யாணமான நாளிலிருந்து அடங்கியவள் அவள்.

"எனக்கு இன்னும் போதலீங்க" என்று விசிலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கார்த்திகையில் மாதையன் செத்துப்போனார். இழவு வீட்டுக்கு வந்தவர்களை அந்தக் குரல்தான், "பாத்து எறங்குங்க" என்று இறக்கிவிட்டது.

இப்போது காசியம்மாள் தினமும் அந்த ஏழேகால் பஸ்ஸில் ஏறுகிறாள். எங்கம்மா போவணும் என்று அது யாரோ ஒருத்தியைக் கேட்பதுபோலக் கேட்கும். "பாலக்கோட்டுக்கு ஒண்ணு" என்பாள். அந்தப் பஸ் பாலக்கோட்டுப் பக்கமே போகாது.

"ஏம்மா, இது மொரப்பூர் வண்டி. பாலக்கோடு போறதுன்னா தருமபுரி போயி மாறணும். போர்டப் பாத்து ஏறக் கூடாதா? படிக்கத் தெரியலன்னா நாலு பேரக் கேக்கறதுக்கென்ன?" என்று அது மொரப்பூர் வரைக்கும் திட்டிக்கொண்டே வரும். நவநீதன் அவளுக்கு மொரப்பூர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு போவாள்.